கணைய சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

நம் கல்லூரி மலருக்கு யாதேனும் ஒரு கட்டுரை வரைந்து அனுப்புமாறு ஆசிரியர் பணித்தபொழுது, யான் முதலிற் கருதியது ஓர் இலக்கியப் பொருளையே. தமிழ் கற்பிப்பவனிடம் பிறர் எதிர்பார்ப்பதும் அதுதான். ஆயினும், 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் தமையனாரோடு ஓர் ஆஸ்பத்திரியில் 52 நாட்கள் தங்கியிருந்த பின்னர், எழுதுகோலை எடுக்குந்தோறும் அந்நாட்களே முன்வந்து நிற்கின்றன. ஆகவே, வைத்தியம் பயிலாதான் ஒருவன் வைத்தியத்தைப்பற்றி எழுதத் துணிந்த பிழையை அன்பர்கள் பொறுப்பார்களாக. ஈண்டு யான் கூறுவன வைத்தியர்கள் எனக்கு எடுத்துரைத்தனவும், பின்னர் யானே தேடிப் படித்தனவுமாம்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கச்சிராயபாளையத்திற்கு அணித்தாய், கோமுகி அணையின் நீர் பாயும் நிலத்தில் உள்ளது. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மேற்கே நோக்கினால் கல்வராயன் மலை நீலச் சுவரேபோல் நீண்டு தோன்றும். யான் சிறுவனாய் இருந்தபொழுது எங்கள் ஊர் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1993-இல் விழுப்புரத்தைச் சேர்ந்தது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கள்ளக்குறிச்சியே தனி ஜில்லாவாயிற்று. ஒரே வீட்டில் இருந்துகொண்டே மூன்று ஜில்லாக்களில் வாழ்ந்து பார்த்தோம். என் தமையனார் அவ்வூரிலேயே கரும்பும் மரவள்ளியும் பயிரிட்டு வாழ்பவர். எனக்குப் பதினோராண்டு மூத்தவர். தந்தையார் காலமான பின்னர் என்னை இக்கல்லூரியிற் சேர்ப்பதற்காக உழவுமாடு இரண்டையும் விற்றவர். அவர் முன்னிலையில் யான் நாற்காலியில் அமர்ந்து பேசியதில்லை. இதனை ஈண்டுக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. அது பின்னர் விளங்கும்.

2022-ஆம் ஆண்டு கார்த்திகையில் அவர் கண்கள் மஞ்சளித்தன. உடலெங்கும் அரிப்பு, சிறுநீர் தேயிலைக் கஷாயத்தின் நிறம், மலமோ வெளுத்துப் போயிற்று. மஞ்சட்காமாலை என்று யாவரும் துணிந்தனர். அண்ணியார் விடியலில் எழுந்து கீழாநெல்லியை அரைத்து மோரிற் கலந்து கொடுத்தார். அத்துடன் பத்தியமும் தொடங்கிற்று: எண்ணெய் ஆகாது, பருப்பு ஆகாது, முட்டையும் மீனும் வீட்டினுள்ளே நுழையலாகா, மோருஞ்சோறும் உப்பில்லாக் கஞ்சியுமே உணவு. ஆறு வாரங்கள் இவ்வாறு கழிந்தன. அண்ணியாரைப்போல் அன்போடு பத்தியம் காத்தவர் எவருமிலர். அந்தப் பத்தியமே பின்னர் வைத்தியர் எழுதிய குறைகளின் வரிசையில் ஒன்றாய் நின்றது என்பதை அவரிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

மஞ்சள் குறையாது கூடவே, கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தனர். பித்தக் குழாயும் கணையக் குழாயும் குடலில் வந்து திறக்கும் வாயிலில் ஒரு சிறு கட்டி இருப்பது புலப்பட்டது. வெளியூரில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிற்குச் செல்லுமாறு பணித்தனர். தை பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னர் அவரை அழைத்துச் சென்றோம்.

கணையம் என்னும் உறுப்பைப்பற்றி அதற்கு முன் யான் சிந்தித்ததே இல்லை. நெஞ்சு, ஈரல், சிறுநீரகம் என்பவற்றைப் பேசுவோர் கணையத்தைப் பேசுவதில்லை. அது இரைப்பைக்குப் பின்னே, முதுகெலும்பின் குறுக்கே, ஒரு சாண் நீளத்தில், நூறு கிராமுக்கும் உட்பட்ட எடையோடு ஒளிந்து கிடக்கின்றது. நாடோறும் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை சீரண நீரைச் சுரக்கின்றது. இன்சுலினையும் அதுவே தருகின்றது. அதன் தலைப்பகுதியை நீக்க வேண்டுமாயின், குடலின் முதற்பகுதி, பித்தப்பை, பித்தக் குழாயின் கீழ்ப்பகுதி, சிலபோது இரைப்பையின் ஒரு கூறு ஆகிய யாவும் உடன் நீங்கும். எஞ்சிய மூன்றினையும் மீண்டும் குடலோடு தைத்துப் பொருத்த வேண்டும். 1909-இல் பெர்லினில் கௌஷ் என்பவர் இதனைச் செய்தார். 1935-இல் அமெரிக்க வைத்தியர் ஆலன் விப்பிள் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்னர் அவர் பெயரே இச்சிகிச்சைக்கு நிலைத்தது. விப்பிள் பாரசீக நாட்டில் ஊர்மியா என்னும் ஊரில், மிஷனரிப் பெற்றோருக்கு 1881-இல் பிறந்தவர். நம் கல்லூரி மாணவர்க்கு இச்செய்தி உவப்பளிக்கும் என்று எண்ணுகிறேன். சென்ற நூற்றாண்டின் நடுவில் இச்சிகிச்சை பெற்றோருள் நால்வரில் ஒருவர் மாண்டதுண்டு. இதனை மிகுதியாய்ச் செய்து பழகிய ஆஸ்பத்திரிகளில் இன்று நூற்றுவரில் ஐவருக்கும் குறைவானோரே மாள்கின்றனர். ஆனால் சிக்கல் நேர்வது மட்டும் அவ்வளவு குறையவில்லை. இன்றும் நூற்றுவரில் முப்பது முதல் ஐம்பது பேர் ஏதேனும் ஒரு சிக்கலுக்கு ஆளாகின்றனர். செய்து பழகிய இடம் எனின் எவ்வளவு வேற்றுமை என்பதை 2002-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. ஆண்டுக்கு ஒன்றுகூடச் செய்யாத ஆஸ்பத்திரிகளில் இறந்தோர் நூற்றுக்கு 16. ஆண்டுக்குப் பதினாறுக்கு மேற் செய்யும் இடங்களில் ஏறத்தாழ 4.

சஸ்திர வைத்தியர் நடுவயதினர்; மெல்லப் பேசுபவர். முதல் நாள் தம் முன்னே ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாய்க் கேட்டார். வயது என்ன? அறுபத்தொன்று. சர்க்கரை உண்டா? இல்லை. நெஞ்சுவலி உண்டா? இல்லை. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குமா? சிறிது வாங்கும். மது? பொங்கலுக்குக்கூட இல்லை, இது முழு உண்மை. பின்னர், "புகை பிடிக்கும் பழக்கம் உண்டா?" என்றார்.

"இல்லை, ஐயா," என்றார் தமையனார்.

யான் அருகில் நின்றேன். முப்பது ஆண்டுகளாய்க் கரும்புக் கொல்லையில், மோட்டார்க் கொட்டகையின் பின்புறம் அமர்ந்து அவர் பீடி பிடித்ததை யான் அறிவேன். வீட்டில் அவர் பிடித்ததில்லை. எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆயினும் எங்களுக்குள் அதுபற்றி ஒரு சொல்லும் எழுந்ததில்லை. வேற்றார் முன்னிலையில் மூத்தவர் கூற்றை மறுப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அண்ணியாரும் அங்கே இருந்தார். அவர் முகத்தையும் தமையனார் முகத்தையும் பார்த்தேன். பின்னர்த் தரையைப் பார்த்தேன். வைத்தியர் தாளில் "இல்லை" என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குச் சென்றார்.

நிற்க. அதே அறையில் அன்று எங்களுக்கு முன்னே அமர்ந்திருந்தவர் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு மேலுள்ள சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த காராளர் மரபு என்று தம்மைக் கூறிக்கொள்ளும் மலையாளி மக்களுள் ஒருவர். சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, பருவத்திற் கடுக்காய் பொறுக்கி விற்பவர். நாற்பது வயதிருக்கும், காண்போர் அறுபது என்பர். கணையத்தில் கற்கள் நிறைந்து, உண்ட பொழுதெல்லாம் வலி தாங்காது முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருப்பாராம். அவரிடமும் அதே தாள், அதே கேள்விகள். "பீடி நாளைக்கு ரெண்டு கட்டுங்க. சாராயம் பதினெட்டு வயசிலேருந்துங்க. மூணு வருசமாக் காலையிலேயே வேணுங்க," என்றார் அவர், சிறிதும் தயங்காமல். அவர் மனைவி, "மூணில்லே, அஞ்சு," என்று திருத்தினாள். அறையில் இருந்தோர் நகைத்தனர். யானும் நகைத்தேன் என்பதை இப்பொழுது நினைக்க நாணுகின்றேன்.

இக்கல் நோயைப்பற்றி ஒரு சிறு குறிப்பு. வெப்ப நாடுகளில், மது அருந்தாத இளைஞர்க்கும் கணையத்திற் கல் தோன்றுவதை 1959-இல் இந்தோனேசியாவிலிருந்து ஸூயிடெமா என்பவர் எழுதினார். பின்னர்க் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் எண்ணிறந்த நோயாளரை ஆராய்ந்து விரிவாக வெளியிட்டார். மரவள்ளிக் கிழங்கிலுள்ள ஸயனைடு நஞ்சே காரணமாகலாம் என்று நெடுங்காலம் ஐயுற்றனர். எங்கள் பக்கத்தில் ஏக்கர் ஏக்கராய் மரவள்ளி விளைந்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகின்றமையால் இச்செய்தி எனக்குச் சிறிது அச்சம் தந்தது. ஆனால் மரவள்ளி உண்ணாதார்க்கும் அந்நோய் வருதலும், பிறவியிலே அமைந்த மரபணு வேறுபாடுகள் பின்னர்க் கண்டறியப்பட்டமையும் அக்கருத்தைப் பெரிதும் தளர்த்திவிட்டன. மலைநண்பர்க்கோ முதற் காரணம் சாராயமே என்று வைத்தியர் ஐயமின்றிக் கூறினர்.

அவரை உடனே அறுக்கவில்லை. ஐந்து வாரங்கள் ஆயத்தம் செய்ய வேண்டும் என்று முன்னரே திட்டமிட்டிருந்தனர். அன்று அவர் வந்தது மூன்றாம் முறை. குடி நின்றபொழுது கைநடுக்கமும் பிதற்றலும் வாராதபடி மருந்தும், தயமின் ஊசியும் தந்திருந்தனர். உணவோடு விழுங்குவதற்குச் சீரண மாத்திரை, நாளைக்கு இரண்டு முட்டை, நிலக்கடலை, இன்சுலின். மூன்று உருண்டைகள் உள்ள ஒரு கண்ணாடிக் குழாயைக் கொடுத்து, அதில் மூச்சை உள்ளிழுத்து உருண்டைகளை எழுப்பப் பழக்கினர். பேருந்திற் செல்லும்போதும் அதனை ஊதுகோல்போற் கையில் வைத்திருப்பாராம். பீடியை விட்டு ஒரு மாதம் கடந்தால்தான் நுரையீரல் சஸ்திரத்தைத் தாங்கும் என்று சொல்லியதை அப்படியே நம்பி விட்டுவிட்டார்.

என் தமையனாருக்கு அவ்வளவு காலம் தரவில்லை. மஞ்சளை முதலில் ஒரு குழாய் வைத்து வடித்துவிட்டு நிதானமாய்ச் செய்யலாகாதா என்று கேட்டேன். அதற்கு வைத்தியர் நெதர்லாந்தில் நிகழ்ந்து 2010-இல் வெளியான ஒரு சோதனையைக் கூறினார். முதலிற் குழாய் வைத்தோரில் நூற்றுக்கு 74 பேருக்குக் கடுமையான சிக்கல். நேரே சஸ்திரம் செய்தோரில் 39 பேருக்கே. குழாய் வழியே கிருமிகள் புகுதல் பெருங்காரணம். காய்ச்சல் இருந்தாலோ, பிலிரூபின் மிக உயர்ந்தாலோ, உடலைத் தேற்ற நெடுநாள் வேண்டியிருந்தாலோ மட்டும் குழாய் வைப்பராம். தமையனாருக்குப் பிலிரூபின் 11; காய்ச்சலில்லை. காமாலையால் இரத்தம் உறையும் தன்மை குன்றுவதால் வைட்டமின் கே ஊசி போட்டு, எட்டு நாட்கள் நல்லுணவு கொடுத்து, ஒன்பதாம் நாள் அறையினுட் கொண்டு சென்றனர்.

நல்லுணவு என்றபொழுது யாங்கள் வியந்தோம். தமையனார் பருத்த உடலினர். தொந்தி சிறிதும் குறையவில்லை. ஆகவே பலம் குறையவில்லை என்றே எண்ணியிருந்தோம். வைத்தியர் அவர் தொடையையும் கையையும் பிடித்துக் காட்டினார். தசை கரைந்து தோல் தொங்கிற்று. ஒன்பது கிலோ இழந்திருந்தார். இழந்தது கொழுப்பைவிடத் தசையே மிகுதி. ஆல்புமின் 2.8 என்று இரத்தச் சோதனை கூறிற்று. கொழுப்பு மிகுந்து தசை குன்றிய உடலே சஸ்திரத்திற்கு எல்லாவற்றிலும் தீது என்றார். வயது அவ்வளவு பெரிதன்றாம். எழுபத்தைந்து வயதில் ஏரோட்டுபவர் ஐம்பது வயதில் நாற்காலியை விட்டு எழாதவரைவிட நன்றாய்த் தேறுவர் என்றார்.

சஸ்திரம் ஆறரை மணி நேரம் நடந்தது. மாலையில் வைத்தியர் வெளியே வந்து, "கட்டி முழுதும் வந்துவிட்டது. ஆனால் கணையம் வெண்ணெய்போல் இருக்கிறது," என்றார். மென்மையாய் இருப்பது நல்லதுதானே என்று யான் கருதினேன். அன்றுதான் இந்நோயின் விந்தையை அறிந்தேன். நெடுநாள் அழற்சியால் இறுகிய கணையம் தோல்போல் ஊசியையும் நூலையும் தாங்கும். அதன் குழாயும் பெரிதும் அகன்றிருக்கும். ஆகவே தையல் நிற்கும். நோயில்லாத மெல்லிய கணையமோ நூலால் அறுபடும், அதன் குழாய் ஓர் ஊசியளவே இருக்கும், சுரப்பும் மிகுதி. கசிந்த நீர், சோற்றையும் இறைச்சியையும் கரைப்பதற்கென்று அமைந்தது. அது தையலையும் அருகிலுள்ள இரத்தக் குழாய்களையும் கரைக்கத் தொடங்கும். மலைநண்பரின் உறுப்பு சாராயத்தாற் கெட்டதனாலேயே தைப்பதற்கு உகந்ததாயிற்று. குடியாத என் தமையனாரின் உறுப்பு நன்றாய் இருந்தமையாலேயே கசிவதற்கு இடமாயிற்று. நீதிநூல் கற்பிப்பவனுக்கு இதைவிட இடர்தரும் செய்தி ஒன்றில்லை.

2013-இல் அமெரிக்க வைத்தியர் சிலர் இதனை 10 மதிப்பெண் கொண்ட கணக்காக்கினர். மெல்லிய கணையத்திற்கு 2. கணையப் புற்றோ நாட்பட்ட அழற்சியோ அல்லாத வேறு நோயாயின் 1. குழாயின் சிறுமைக்கு 4 வரை. சிந்திய இரத்தத்திற்கு 3 வரை. பின்னர் வந்த மற்றொரு கணக்கு உடற்பருமனையும் சேர்த்துக்கொண்டது. தமையனாரின் குழாய் 2 மில்லிமீட்டர். அவர் பெற்றது 10-க்கு 7. ஆசிரியத் தொழிலில் இத்தனை ஆண்டு கழித்த யான், மதிப்பெண் மிகுந்ததற்காக வருந்திய நாள் அஃதொன்றே.

ஆயினும் முதலில் வந்த இடர் கணையத்திலிருந்து வரவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. இரண்டு விரல் அளவு மூச்சே விட்டார். இருமினால் தையல் கிழிவதுபோல் வலிப்பதாகச் சொல்லி இருமலை அடக்கினார். நெஞ்சில் கோழை குழைந்து கர்கர் என்றது. நுரையீரலின் அடிப்பகுதி இரண்டும் சுருங்கி, நிமோனியா கண்டுவிட்டது. முகமூடி வைத்துப் பிராணவாயுவை அழுத்திச் செலுத்தினர். அவ்விரவு இளம் வைத்தியர் ஒருவர் தாளைப் புரட்டிவிட்டு, "புகை பிடிக்காதவருக்கு இவ்வளவு கோழையா?" என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார்.

அப்பொழுதுதான் சொன்னேன். தாழ்வாரத்தில், அண்ணியார் கேளாதவாறு, அவரைத் தனியே அழைத்துச் சொன்னேன். அவர் சினக்கவில்லை. "முன்னரே தெரிந்திருந்தால்..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

ஆறாம் நாள் வயிற்றுக் குழாயில் வந்த நீர் சாம்பல் நிறமாயிற்று. அதில் அமிலேஸ் அளவு மிக உயர்ந்திருந்தது. கணையத் தையல் கசிகின்றது என்றனர். இரைப்பையும் இயங்க மறுத்தது. மூக்கில் ஒரு குழாய், குடலுக்கு உணவு செலுத்த மற்றொன்று. பத்தொன்பதாம் நாள் இரவு, வயிற்றுக் குழாயில் ஒரு கரண்டியளவு செந்நிற இரத்தம் வந்தது. இவ்வளவுதானே என்று யான் இருக்க, மூன்று வைத்தியர்கள் ஓடி வந்தனர். சிறுகசிவு பெருக்கின் தூதன் என்பது அவர்களுக்குத் தெரியும். அவ்விரவிலேயே ஸ்கேன் எடுத்து, தொடையிடுக்கின் வழியே நுண்குழாயைச் செலுத்தி, அரித்துப் புடைத்த இரத்தக் குழாயை அடைத்தனர். விடியற்காலை நான்கு மணிக்கு வெளியே வந்த வைத்தியரின் காலணியுறையில் இரத்தம் இருந்தது. அண்ணியார் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

இதற்கிடையே மலைநண்பர்க்கு, தமையனாருக்கு இரண்டு நாள் பின்னதாக, கணையக் குழாயை நெடுகத் திறந்து கற்களை எடுத்துக் குடலோடு தைத்தனர். மறுநாள் மாலையே தாழ்வாரத்தில் நடந்தார். பத்தாம் நாள் மலைக்குத் திரும்பினார். போகும்போது தம் கண்ணாடிக் குழாயைத் தமையனாரின் படுக்கையருகே வைத்து, "ஐயா எந்திரிச்சதும் ஊதட்டும்," என்றார். ஆஸ்பத்திரியில் ஒருவர் குழாயை மற்றொருவர்க்குத் தர இசையவில்லை. தாதி புதியதொன்று கொண்டுவந்தாள். பழையதை யான் இன்றும் வைத்திருக்கிறேன்.

முப்பத்துநான்காம் நாள் கசிவு நின்றது. விடைபெறும்போது பெரிய வைத்தியரைத் தனியே கண்டு, அன்று யான் வாய் திறந்திருந்தால் இவை நேர்ந்திரா அல்லவா என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் சிந்தித்தார். "கசிவு எப்படியும் வந்திருக்கலாம்; அது கணையத்தின் குணம். நாளையும் ஒருவேளை அவ்வளவு தள்ளியிருக்க மாட்டேன். ஆனால் முதல் நாளிலிருந்தே மூச்சுப் பயிற்சிக்காரரை விட்டிருப்பேன். அன்றே பீடியை நிறுத்தியிருப்பேன். அவர் எட்டு நாளும் குளியலறையிற் பிடித்திருக்கிறார், தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. அவ்வெட்டு நாளும் தமையனாருக்குப் பீடி வாங்கி வந்தது யார் என்று விசாரித்தேன். அவருடைய மூத்த மகன். தந்தை சொல்லை மறுக்க அவனும் அஞ்சியிருக்கிறான்.

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கு மேற்பட்டோர் மாண்ட செய்தி வந்தபொழுது, என் நினைவு முதலில் மலைநண்பரிடம் ஓடிற்று. அந்நஞ்சு ஓரிரு நாளிற் கொல்வது. கணையத்தைக் கெடுக்கும் சாராயமோ இருபது ஆண்டு எடுத்துக்கொள்வது. தொலைபேசியில் அழைத்தேன். அவர் மனைவி எடுத்து, "கிழங்கு வெட்டிக்கிட்டிருக்காருங்க. அந்தப் பக்கமே போறதில்லீங்க," என்றாள்.

தமையனார் மறு பரிசோதனைக்குச் சென்ற நாளில் யானும் உடன் சென்றேன். கட்டி மீளவில்லை. எடை ஆறு கிலோ கூடியிருந்தது. புதிதாய் வந்த இளம் வைத்தியர் ஒருவர், முன்போலவே ஒரு தாளை எடுத்து, வயது, சர்க்கரை என்று ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கொண்டு வந்தார். "புகை பிடிக்கும் பழக்கம் உண்டா?" என்றதும் தமையனார் விடை கூறவில்லை. என் பக்கம் திரும்பி, "தம்பியைக் கேளுங்கள்," என்றார்.

"முப்பது ஆண்டுகள்; நாளொன்றுக்கு ஒரு கட்டுக்குக் குறையாது; விட்டு ஏழு மாதமாகிறது," என்றேன். அண்ணியார் ஜன்னலின் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியர் எழுதிக்கொண்டார்.